மூணு எழுத்துக்கு ஒரு ராத்திரி

ஹட்டன் குளிருல ராத்திரி எட்டரைக்கு மனுஷன் போர்வைக்குள்ள போவானா, இங்கிலீஷ் எழுத்து பொறுக்குவானா? தரம் 6 படிக்கிற மகள் கொப்பியோட வந்து நிக்கிறா. டீ, ஈ, ஏ மூணும் உள்ள 20 சொல் வேணுமாம். காலையிலயே.

மூணையும் அப்படியே சேர்த்தா தேயிலை. இந்த மலையில வேற எது முதல்ல வரும்? கலைச்சுப் போட்டா ஈட். அப்புறம் வாட்டர், பிளேட், ஹார்ட். அஞ்சோட வண்டி நின்னுருச்சு.

பெருமையா 'வெயிட்'னு சொன்னேன். எழுதிப் பார்த்தா, காத்திருக்கிற வெயிட்ல ஏ இருக்கு, ஈ இல்ல. நிறுக்கிற வெயிட்ல ஈ இருக்கு, ஏ இல்ல! கொழுந்து நிறுக்கிற மடுவத்துல தினமும் காதுல விழுற சொல்லு, இப்படியா காலை வாரும்?

26 எழுத்துதான், அதுலயும் சிலது சும்மா உக்காந்திருக்கு. லிஸன்ல டீ எதுக்கு? அதே ஆறு எழுத்த மாத்தி வச்சா சைலன்ட் வருதாம். பொருத்தம்தான்.

எழுத்துக்கட்டை அடுக்கி சொல்லு சேர்க்கிற ஸ்கிராபிள் விளையாட்டுப் பெட்டியில 100 கட்டையில ஈ மட்டும் 12, ஏ 9, டீ 6. இவ்வளவு இறைஞ்சு கிடக்கிற எழுத்து எனக்குத்தான் அகப்பட மாட்டேங்குது. போன்ல தேடலாம்னா சிக்னல் கோயில் வளைவுல மட்டும். வெளிய மழை.

கடைசியில அவளே, "அப்பா, எஸ்டேட்!"னா. விரல் விட்டு எண்ணினேன். டீ ரெண்டு, ஈ ரெண்டு, ஏ ஒண்ணு.

இன்னும் 14 பாக்கி.