4×4 விளக்கு எரிந்தால் மட்டும் போதாது

பழைய ஜீப் வாங்கும்போது டேஷ்போர்டில் 4×4 விளக்கு எரிந்தால் நான்கு சக்கரமும் இழுக்கும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பல வண்டிகளில் அப்படி இல்லை. டிரான்ஸ்பர் கேஸில் (இன்ஜின் சக்தியை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்து அனுப்பும் பெட்டி) உள்ள சுவிட்ச்தான் அந்த விளக்கை எரிய வைக்கிறது. 4×4 லிவர் உரிய நிலைக்கு வந்துவிட்டது என்பதற்கு மட்டுமே அது சாட்சி. முன் சக்கர ஹப், அதாவது சக்கரத்தை ஷாஃப்டோடு இணைக்கும் நடுப்பகுதி, பூட்டிக்கொள்ளாவிட்டால் முன் ஷாஃப்ட் சும்மா சுற்றும், சக்கரத்துக்குச் சக்தி போகாது. சேற்றில் இறங்கிய பிறகுதான் விஷயம் தெரியவரும்.

கையால் திருகும் ஹப் உள்ள வண்டியில் இதைச் சோதிப்பது சுலபம். சமதரையில் நிறுத்தி இன்ஜினை அணைத்து, பின் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வையுங்கள். இதில் மட்டும் அலட்சியம் வேண்டாம். இரண்டு ஹப்பையும் லாக்கில் திருப்பி, லிவரை 4ஹெச்சில் (நான்கு சக்கரமும் இழுக்கும் சாதாரண வேக நிலை) போட்டு, ஒரு முன் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள். கொஞ்சம் ஆடிவிட்டு நின்றுவிட வேண்டும். தாராளமாகச் சுற்றினால் எங்கோ இணைப்பு விட்டிருக்கிறது. 2ஹெச்சில் (பின் சக்கரம் மட்டும் இழுக்கும் நிலை) போட்டால் அதே சக்கரம் சுற்றும். அந்த வித்தியாசத்தைக் கையிலேயே உணரலாம்.

தானியங்கி ஹப் என்றால் இது சரிவராது. இளகிய மண்ணில் 4எல்லில் (நான்கு சக்கரமும் இழுக்கும் குறைந்த வேக நிலை) மெதுவாக நகர்த்தி, முன் சக்கரமும் மண்ணைத் தள்ளுகிறதா என்று வெளியே ஒருவரை நிற்கவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.