உத்தரவு எங்கே?

1975 ஜூன் 25 அன்று அப்பாவுக்கு இரவுப் பணி. தில்லி பகதூர் ஷா சஃபர் மார்க்கில் இருந்த ஓர் ஆங்கில நாளிதழில் அவர் மெய்ப்புத் திருத்துபவராக இருந்தார். கரோல் பாக்கில் ஓர் அறையும் சமையற்கட்டுமாக எங்கள் குடித்தனம். அன்றிரவு அலுவலகத்தில் மின்சாரம் போனது. ஜூன் மாதத்துத் தில்லியில் மின்சாரம் போவதெல்லாம் ஒரு செய்தியா என்று எவரும் பதறவில்லை. மெழுகுவத்தியை ஏற்றிவைத்துக்கொண்டு, வந்துவிடும் என்று காத்திருந்தார்கள். நேரம் ஆக ஆக, அச்செழுத்து வார்க்கும் லைனோ இயந்திரத்தின் கொப்பரையில் உருகிக் கிடந்த ஈயம் ஆறி, காய்ச்சிய பாலில் ஏடு படிவதுபோல மேலே மங்கலாக ஒரு படலம் கட்டியதைப் பார்த்துக்கொண்டே நின்றதாக அப்பா பலமுறை சொல்லியிருக்கிறார். நெருக்கடி நிலை என்ற சொல்லைக் கேட்டால் இன்றும் எனக்கு இந்திரா காந்தியின் முகத்துக்கு முன்னால் அந்த ஈயம்தான் நினைவுக்கு வருகிறது.

அன்றிரவுதான் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது; பத்திரிகைகளுக்கான தணிக்கை உத்தரவு மறுநாள்தான் வந்தது. ஆகவே அந்த இரவில் பத்திரிகைகளைத் தடுக்கும் உத்தரவு எதுவும் காகிதத்தில் இல்லை. துணைநிலை ஆளுநர் வாய்மொழியாகச் சொன்னதன்பேரில்தான் மின் இணைப்பு துண்டிக்கப்பட்டது என்பது பின்னாளில், நெருக்கடி நிலைக் கால அத்துமீறல்களை ஆராய்ந்த ஷா கமிஷன் விசாரணையில் வெளிவந்தது. கன்னாட் பிளேஸ் பக்கம் இருந்த ஸ்டேட்ஸ்மனும் இந்துஸ்தான் டைம்ஸும் மறுநாள் காலை வெளிவந்தன என்றால், அதற்குக் காரணம் அவற்றின் துணிச்சல் அன்று. அந்தப் பகுதிக்கு மின்சாரம் தந்தது வேறொரு நிர்வாகம் என்பதே.

பத்திரிகைச் சுதந்திரம் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் தடையைப் பற்றியே பேசுகிறோம். தடை என்றால் அதற்கு ஒரு தாள் உண்டு, தேதி உண்டு, கையெழுத்துப் போட்ட அதிகாரி ஒருவர் உண்டு. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போகலாம். பம்பாயில் அச்சான கிராஸ் ரோட்ஸ் என்ற இடதுசாரி வார இதழ் சென்னை மாகாணத்துக்குள் நுழையக் கூடாது என்று 1950 மார்ச் 1 அன்று சென்னை அரசு உத்தரவு போட்டது. அதன் ஆசிரியர் ரொமேஷ் தாப்பர் நேராக உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். மே 26 அன்று, மூன்றே மாதத்தில், அந்த உத்தரவு செல்லாது என்று தீர்ப்பு வந்துவிட்டது. மறு ஆண்டே நேரு அரசு அரசியல் சட்டத்தைத் திருத்திப் பேச்சுரிமைக்குப் புதிய வரம்புகளைச் சேர்த்தது என்பது வேறு கதை. ஆனால் அதுவும் நாடாளுமன்றத்தில், எல்லோரும் பார்க்க நடந்த கதை. அதன்பின் வந்த ஆட்சியாளர்கள் கற்றுக்கொண்ட பாடம், உத்தரவு போட்டால்தானே வழக்கு என்பதாக இருக்க வேண்டும்.

2025 பிப்ரவரி 15, சனிக்கிழமை இரவு, மயூர் விஹார் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வழக்கம்போல விகடன் இணையதளத்தைத் திறந்தேன். திறக்கவில்லை. வைஃபையை அணைத்துப் போட்டேன், மோடத்தை ஒருமுறை பிடுங்கிச் செருகினேன், கடைசியில் சென்னையிலிருக்கும் தங்கையை அழைத்தேன். "இங்கேயும் வரலைண்ணா" என்றாள். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் அப்பா மெழுகுவத்தியோடு காத்திருந்ததற்கும் நான் மோடத்தின் விளக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததற்கும் அதிக வேறுபாடு இல்லை. அமெரிக்காவிலிருந்து இந்தியர்கள் கைவிலங்கிட்டுத் திருப்பி அனுப்பப்பட்டதை ஒட்டி, டிரம்புக்குப் பக்கத்தில் பிரதமர் விலங்கோடு அமர்ந்திருப்பதாக விகடனின் இணைய இதழான விகடன் பிளஸ் வெளியிட்ட கார்ட்டூன்தான் காரணம் என்று பிறகு தெரிந்தது. மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் நோட்டீஸ் மறுநாள்தான் வந்தது. முதலில் முடக்கம், பிறகு நோட்டீஸ். எங்கள் குடியிருப்பில் இரண்டு மணி நேரம் தண்ணீர் நிறுத்தப்போவதென்றால்கூடச் செயலாளர் முந்தின நாளே கையெழுத்திட்டு லிஃப்டில் ஒட்டிவிடுகிறார்.

அதே விகடனுக்கு 1987-லும் ஒரு கார்ட்டூனால் வினை வந்தது. அப்போது தமிழகச் சட்டப்பேரவை, ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதச் சிறை என்று வெளிப்படையாகவே தண்டனை விதித்தது, ஊரே கொதித்தது, மூன்றாம் நாள் அவரை வெளியே விட்டார்கள். அதை நல்ல காலம் என்று சொல்ல வரவில்லை. பத்திரிகைகள்மீது அவதூறு வழக்குகளைக் குவிக்கும் பழக்கமும் நம்மூர் அரசுகளுக்கு உண்டு. தில்லியில் உட்கார்ந்துகொண்டு மத்திய அரசை மட்டும் குறை சொல்வது எனக்கு ஒப்பவில்லை. ஆனால் தண்டித்தவர் யார், எதற்காக என்பது அன்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது, அந்தக் கோபத்துக்கு ஒரு முகவரி இருந்தது.

விளம்பரத்தை நிறுத்துவது இன்னும் ஓசையற்ற வேலை. கிரேட்டர் காஷ்மீர், காஷ்மீர் ரீடர் ஆகிய இரு நாளிதழ்களுக்கு அரசு விளம்பரம் விளக்கம் ஏதுமின்றி மறுக்கப்பட்டதைக் கண்டித்து 2019 மார்ச் 10 அன்று ஸ்ரீநகர் நாளிதழ்கள் முதல் பக்கத்தை வெறுமையாக அச்சிட்டன.

நாட்டுப் பாதுகாப்பு என்று வரும்போது எல்லாக் காரணங்களையும் வெளியில் சொல்ல முடியுமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான், உச்ச நீதிமன்றத்தின் முன்னும் அது வந்தது. மலையாளத் தொலைக்காட்சியான மீடியா ஒன்னின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்த அரசு, அதற்கான காரணத்தை மூடி முத்திரையிட்ட உறையில் நீதிபதிகளிடம் மட்டும் கொடுத்தது. எதிர்த்தரப்புக்குக் காரணமே தெரியாமல் அது எப்படித் தன்னைக் காத்துக்கொள்ளும் என்று கேட்டு, 2023 ஏப்ரல் 5 அன்று உச்ச நீதிமன்றம் அந்த மறுப்பை ரத்து செய்தது. இங்கே தில்லியில் 2023 அக்டோபர் 3 அன்று நியூஸ்கிளிக் என்ற செய்தித் தளத்தோடு தொடர்புடைய பத்திரிகையாளர்களின் வீடுகளுக்கு விடியற்காலையிலேயே போலீஸ் போனது. பலருடைய மடிக்கணினிகளும் கைபேசிகளும் பறிமுதல் செய்யப்பட்டன. பத்திரிகையாளரின் கைபேசி என்பது அவரை நம்பி வாய் திறந்த பெயர் தெரியாத பலரின் பட்டியல். அந்தப் பட்டியல் ஒருமுறை கைமாறியபின் எந்தக் குமாஸ்தா அவரை நம்பி ஒரு கோப்பைக் காட்டுவார்? கைதான நிறுவனர் பிரபீர் புர்காயஸ்தாவை 2024 மே 15 அன்று உச்ச நீதிமன்றம் விடுவித்தது; கைதுக்கான காரணங்கள் அவருக்கு எழுத்தில் தரப்படவில்லை என்பதே அதற்கு அடிப்படை. அந்த ஒரு தாள் இல்லாததால் எழுபதைத் தாண்டிய ஒரு மனிதர் ஏழு மாதம் சிறையில் இருந்தார்.

ஆகவே நான் கேட்பது மிகச் சிறியது. இணையதளங்களை முடக்குவதற்கான 2009-ஆம் ஆண்டு விதிகளில், முடக்கக் கோரிக்கைகளையும் நடவடிக்கைகளையும் ரகசியமாக வைக்கச் சொல்லும் 16-ஆம் விதியை நீக்க வேண்டும். முடக்கப்பட்ட பக்கத்தைத் திறப்பவருக்கு, எந்தச் சட்டப்பிரிவின்கீழ், எந்தத் தேதியில், எந்த அதிகாரியின் உத்தரவால் அது முடக்கப்பட்டது என்ற மூன்று வரிகளாவது தெரிய வேண்டும்.

2025 மார்ச் 6 அன்று சென்னை உயர் நீதிமன்றம், கார்ட்டூன் இருந்த பக்கத்தை விகடன் தற்காலிகமாக நீக்க வேண்டும், நீக்கியதும் தளத்தின் முடக்கத்தை அரசு விலக்க வேண்டும் என்று இடைக்கால உத்தரவிட்டது. தளம் எங்கள் வீட்டில் மீண்டும் திறந்த அன்று தங்கையிடமிருந்து ஒரு வாட்ஸ்அப் வந்தது: "வந்துடுச்சுண்ணா, அந்தப் படத்தை மட்டும் காணோம்."