மர வீட்டு மீம் போட்ட மகான்களே

அந்த மீமை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். பார்த்தாகிவிட்டது. குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் பார்த்தேன், காலேஜ் குரூப்பில் பார்த்தேன், இங்கே சிரிப்பு எமோஜிகளோடு பார்த்தேன். இடது பக்கம் மர வீடுகள் நொறுங்கித் தரைமட்டமான அமெரிக்க ஊர், வலது பக்கம் நம் மொட்டைமாடி வீடு, கீழே "ராக்கெட் விடத் தெரியும், வீடு கட்டத் தெரியாது". நன்றாகச் சிரித்தீர்களா? சரி.

இடது பக்கத்தில் இருப்பது எந்த ஊர் என்று ஒருவருக்காவது கேட்கத் தோன்றியதா? அது கன்சாஸ் மாநிலத்தின் கிரீன்ஸ்பர்க். நான் இருக்கும் விச்சிட்டாவிலிருந்து மேற்கே காரில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். கோதுமை வயல், தானியக் கிடங்கு, 1887-88இல் ஆட்களே தோண்டிய 109 அடி ஆழக் கிணறு, இவைதான் அந்த ஊரின் பெருமை. 2007 மே 4 ராத்திரி ஒன்பதே முக்கால் மணிக்கு ஒரு டொர்னாடோ வந்தது, அதாவது தரையைத் தொட்டுச் சுழன்றடிக்கும் சூறைக்காற்று. அகலம் 1.7 மைல். ஊரே அவ்வளவு அகலம் கிடையாது. காற்றின் வேகம் மணிக்கு 330 கிலோமீட்டர் என்று கணித்தார்கள். டொர்னாடோ பலத்தைச் சொல்லும் புதிய அளவுகோல் வந்த பிறகு, அதன் உச்சப் படியான இ.எஃப்.5 என்று குறிக்கப்பட்ட முதல் டொர்னாடோ அதுதான். ஊரில் 95 சதவீதம் போய்விட்டது. மர வீடு மட்டுமா? பள்ளிக்கூடம் போனது, ஆஸ்பத்திரி போனது, கடைத்தெரு போனது.

இப்போது மீமில் இல்லாத விஷயத்துக்கு வருகிறேன். சுமார் 1,400 பேர் இருந்த ஊர். அந்த டொர்னாடோவில் இறந்தவர்கள் 11 பேர். பதினொன்றும் உயிர்தான், நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஊரே இல்லாமல் போன இடத்தில் மற்றவர்கள் எப்படிப் பிழைத்தார்கள்? இருபது நிமிடத்துக்கு முன்பே சைரன் ஊதியது. டாட்ஜ் சிட்டி வானிலை அலுவலகம் வழக்கமான எச்சரிக்கையைத் தாண்டி, இது அவசரநிலை என்றே அறிவித்தது. ஜனங்கள் பேஸ்மென்டுக்குள், அதாவது வீட்டுக்கு அடியில் இருக்கும் நிலவறைக்குள், இறங்கினார்கள். அவ்வளவுதான். மேலே இருந்த வீடு மரமா கல்லா என்பது அன்றைக்கு இரண்டாம் பட்சம்.

நம்பிக்கை இல்லையென்றால் யூடாலைப் பாருங்கள். அதுவும் கன்சாஸ்தான், விச்சிட்டாவுக்குத் தென்கிழக்கே, பக்கத்தில். 1955 மே 25. ராத்திரி பத்து மணி ஆனதும் ஆபத்து விலகிவிட்டது என்று நம்பி ஊர் படுத்துவிட்டது. பத்தரைக்கு மேல் டொர்னாடோ வந்தது. சைரன் இல்லை, ஒன்றும் இல்லை. ஐந்நூறு அறுநூறு பேர் இருந்த ஊரில் ஏறக்குறைய 80 பேர் செத்தார்கள். இரண்டு ஊரிலும் மர வீடுதான். வித்தியாசம் எங்கே இருக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள். எச்சரிக்கையும் பேஸ்மென்டும். திரும்பவும் சொல்கிறேன், எச்சரிக்கையும் பேஸ்மென்டும்.

இங்கே திங்கட்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்கு சைரனைச் சோதித்துப் பார்ப்பார்கள். வந்த புதிதில் அதற்கே எனக்கு வயிறு கலங்கும். அப்புறம் ஒரு மே மாத ராத்திரி நிஜமாகவே ஊதியது. பையனைத் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு படி இறங்கப் போனேன். அன்று எங்கள் வீட்டிலிருந்த பக்கத்து வீட்டுப் பாட்டி பிடித்து நிறுத்தி, "முதலில் ஷூ போடு, பையனுக்கும் போடு" என்றார். எதற்கு என்று புரியவில்லை. கீழே போன பிறகு சொன்னார்: வீடு போய்விட்டால் வெளியே ஏறி வரும்போது கால் வைக்கிற இடமெல்லாம் கண்ணாடியும் ஆணியும்தான் இருக்கும். பையன் தலையில் சைக்கிள் ஹெல்மெட்டை மாட்டிவிட்டதும் அவர்தான். அன்று எங்கள் பக்கம் ஒன்றும் வரவில்லை. ஆனால் இந்த ஜனங்களுக்கு வீடு கட்டத் தெரியாது என்று இனி யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும், வருகிறது.

"பணக்கார நாடுதானே, கான்கிரீட்டில் கட்ட வேண்டியதுதானே?" வரும், இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். கிரீன்ஸ்பர்க்கில் கான்கிரீட் தானியக் கிடங்கு அசையாமல் நின்றது உண்மைதான். அதைப் பார்த்தே அந்த மாதிரிக் கட்டுமானத்தில் ஒரு வீடும் கட்டிப் பார்த்தார்கள். போதுமா? ஆனால் கோதுமை விலையை நம்பிப் பிழைக்கிற ஊரில் எல்லோராலும் அப்படிக் கட்ட முடியுமா? ஊரின் பெரிய அரசுக் கட்டடங்களை லீட் பிளாட்டினம் என்ற மிக உயர்ந்த பசுமைக் கட்டடத் தரத்தில்தான் கட்டுவோம் என்று தீர்மானம் போட்டார்கள், அமெரிக்காவிலேயே முதல் ஊர். பக்கத்தில் பத்து காற்றாலை. அத்தனையும் செய்தும் 2010 கணக்கெடுப்பில் 777 பேர்தான் இருந்தார்கள். பாதிப் பேர் திரும்பி வரவில்லை. அதற்கு ஒரு மீம் போடுங்களேன்.

"அப்படியென்றால் அங்கே ஏன் இருக்க வேண்டும்?" இதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. கடற்கரையில் இருப்பவனிடம் போய்க் கேளுங்கள்.

"ஓவராக அமெரிக்காவுக்கு முட்டுக் கொடுக்கிறாய்" என்றும் ஒருவர் எழுதியிருக்கிறார். கிரீன் கார்டு இன்னும் வரவில்லை ஐயா, கவலை வேண்டாம். கிண்டல் செய்ய விஷயமா இல்லை? கிரீன்ஸ்பர்க் இடிபாட்டை அகற்ற வேண்டிய நேஷனல் கார்டு என்ற மாநிலக் காவல் படையின் வண்டிகளில் பாதி ஈராக்கில் கிடக்கிறது என்று அன்றைய கவர்னர் கேத்லீன் செபிலியஸே சொன்னார். பேஸ்மென்டே இல்லாத மொபைல் ஹோம்களில், அதாவது தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து வைக்கிற மலிவு வீடுகளில், ஏழைகள் இன்றைக்கும் டொர்னாடோவில் சாகிறார்கள். இதைக் கேளுங்கள், நானும் சேர்ந்து கேட்கிறேன். ஆனால் அதற்குக் கொஞ்சம் படிக்க வேண்டுமே. சிரிப்பு எமோஜி சுலபம்.

உண்மையில் எனக்கு வலித்தது வேறு. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் முடிச்சூரில் அப்பா அம்மா தண்ணீருக்கு நடுவே மாடியில் இருந்தார்கள், போன் போகவில்லை. ஆபீஸில் ஒருவர் விடாமல் வந்து "கிடைத்தார்களா?" என்றுதான் கேட்டார்கள். ஏரியில் ஏன் வீடு கட்டினீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்னிடம் பதிலும் இருந்திருக்காது. அந்த மீமுக்குக் கீழே "ஹா ஹா, அட்டைப்பெட்டி" என்று எழுதியவர்களில் அன்று மொட்டைமாடியிலிருந்து படகில் இறங்கியவர்களும் இருக்கிறார்கள். பெயர் சொல்ல மாட்டேன், அவர்களுக்கே தெரியும்.

கமென்ட் திறந்துதான் இருக்கிறது. "மர வீடு" என்று ஆரம்பிப்பவர்கள் யூடாலைப் பற்றி நாலு வரி படித்துவிட்டு வரவும், இல்லாவிட்டால் நீக்கிவிடுவேன். பெரியப்பா, உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.