மாட்டுக்குப் போட்ட ஊசி

"மனிதன் இயற்கையை அழிக்கிறான்" என்று ஒரு வரி எழுதி, பக்கத்தில் வெட்டிச் சாய்த்த மரத்தின் படத்தைப் போட்டால் போதும், லைக் குவியும். அந்த வரியோடு எனக்கு ஒரு தகராறு உண்டு. அழிப்பவன் பேராசைக்காரன், கையில் கோடாரியோடு வருபவன் என்று அது நம்மை நம்ப வைத்துவிடுகிறது. இந்தியாவில் ஒரு பறவைக் கூட்டமே நம் கண்ணெதிரில் காணாமல் போனது. அந்தக் கதையில் கோடாரியே கிடையாது. ஓர் ஊசிதான் இருந்தது. அதைப் போடச் சொன்னது, மாட்டின் வலியைப் பார்க்கப் பொறுக்காத ஒரு விவசாயி.

பிணந்தின்னிக் கழுகைச் சொல்கிறேன். பறவை பார்ப்பவர்கள் பாறு என்பார்கள். உலகத்தின் பெரிய இரைகொல்லிப் பறவைகளில் எண்ணிக்கையில் முதலிடம் இதற்குத்தான் இருக்கும் என்று 1980களில் ஆய்வாளர்கள் கருதிய வெண்முதுகுப் பாறு, 1992க்கும் 2007க்கும் இடையில் இந்தியாவில் 99.9 விழுக்காடு குறைந்துபோனது. ஆயிரம் இருந்த இடத்தில் ஒன்று. பஞ்சம் இல்லை, போர் இல்லை, யாரும் வேட்டையாடவும் இல்லை.

ராஜஸ்தானின் பரத்பூரில் உள்ள கேவலாதேவ் பூங்காவில் இதை முதலில் கவனித்துப் பதிவு செய்தவர் விபு பிரகாஷ் என்ற பறவை ஆய்வாளர். 1980களில் அவர் அங்கே பாறுகளைக் கணக்கெடுத்திருந்தார். 1990களின் பின்பாதியில் மறுபடி பார்த்தபோது மரக்கிளைகளில் தலையைத் தொங்கப் போட்டபடி பறவைகள் உட்கார்ந்திருந்தன. கீழே செத்தும் கிடந்தன. வைரஸ் என்றார்கள், பூச்சிக்கொல்லி என்றார்கள். ஆண்டுகள் ஓடின.

விடை பாகிஸ்தானிலிருந்து வந்தது. லிண்ட்சே ஓக்ஸ் என்ற அமெரிக்கக் கால்நடை நோயியல் நிபுணரும் அவருடைய குழுவும் அங்கே செத்த பாறுகளை அறுத்துப் பார்த்தார்கள். பெரும்பாலானவற்றின் இதயத்திலும் கல்லீரலிலும் சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளையாக யூரிக் அமிலம் படிந்திருந்தது. சிறுநீரகம் போய்விட்டது என்பதற்கான அடையாளம் அது. கிருமிகளைத் தேடினார்கள், ஈயம், பாதரசம், பூச்சிமருந்து எல்லாவற்றையும் தேடினார்கள். எதுவும் ஒத்துவரவில்லை. கடைசியில் ஒரு நல்ல கேள்வி கேட்டார்கள்: இந்தப் பறவை என்ன தின்கிறது? செத்த மாடு. அந்த மாட்டுக்குப் புதிதாக என்ன கொடுக்கிறார்கள்? கால்நடை மருத்துவர்களிடமும் மருந்துக் கடைகளிலும் விசாரித்தபோது, சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடிய ஒரே ஒரு மருந்துதான் பட்டியலில் நின்றது. டைக்ளோஃபினாக். மூட்டுவலிக்கு நம் வீட்டுப் பெரியவர்கள் போட்டுக்கொள்கிறார்களே, அதேதான். யூரிக் அமிலம் படிந்து செத்த 25 பறவைகளைச் சோதித்தார்கள், 25இலும் மருந்து இருந்தது. வேறு காரணத்தால் செத்த 13இல் ஒன்றில்கூட இல்லை. 2004இல் நேச்சர் இதழில் கட்டுரை வந்தது.

அறிவியல் என்றால் எனக்கு இதுதான். ராக்கெட்டைவிட இந்த 25க்கு 25, 13க்கு பூஜ்யம் என்னைச் சிலிர்க்க வைக்கிறது.

காப்புரிமைக் காலம் முடிந்த பிறகு, 1990களில் இந்த மருந்து மாட்டுக்கு மலிவாகக் கிடைக்க ஆரம்பித்தது. நொண்டும் மாடு, மடிவீக்கம் வந்த மாடு, காய்ச்சலில் படுத்த மாடு, எதற்கும் ஓர் ஊசி. சில ரூபாயில் வேலை முடிந்தது. நம் நாட்டில் கிழட்டு மாட்டைக் கடைசிவரை வைத்துப் பார்க்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. சாகப் போகும் மாட்டுக்கும் வலி தெரியாமல் இருக்கட்டும் என்று ஊசி போடுவார்கள். மாடு பிழைத்துவிட்டால் சில நாட்களில் மருந்து அதன் உடம்பை விட்டுப் போய்விடும், யாருக்கும் கெடுதல் இல்லை. ஊசி போட்ட ஓரிரு நாளில் செத்தால்தான் ஆபத்து. ஆனால் சாகக் கிடக்கிற மாட்டுக்கும்தானே ஊசி போடுகிறோம்! ஒரு மாட்டின் மேல் பத்து, ஐம்பது பாறுகள் ஒன்றாக இறங்கும். அதனால் செத்த மாடுகளில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவானவற்றில் மருந்து இருந்தாலே இந்த அளவு அழிவுக்குப் போதும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள்.

பாறு ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டை இடும். குஞ்சு வளர்ந்து தானும் முட்டையிட ஐந்து ஆண்டுகள்போல ஆகும். இவ்வளவு நிதானமாகப் பெருகும் ஓர் இனத்தின் மேல் இவ்வளவு வேகமான சாவு விழுந்தால் என்ன மிஞ்சும்?

"சரி, ஒரு பறவை போனால் என்ன?" என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. கேட்கட்டும், நியாயமான கேள்விதான். பாறின் வயிற்று அமிலம் நம்முடையதைவிடக் கடுமையானது. அழுகிய இறைச்சியில் இருக்கும், நம்மைக் கொல்லக்கூடிய கிருமிகளை அது செரித்துவிடும். ஒரு கூட்டம் இறங்கினால் முழு மாடு ஒரு மணி நேரத்துக்குள் வெறும் எலும்பாகிவிடும். அவை போன பிறகு அந்த இறைச்சி நாய்க்கும் எலிக்கும் போனது, ஆற்றிலும் குளத்திலும் அழுகியது. நாய்கள் பெருகின, வெறிநாய்க்கடியும் பெருகியது. எயல் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் என்ற இரண்டு பொருளாதார வல்லுநர்கள், பாறுகள் வாழ ஏற்ற மாவட்டங்களையும் ஏற்காத மாவட்டங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மருந்து வந்த பிறகு, பாறுகளை இழந்த மாவட்டங்களில் மனிதர்களின் இறப்பு விகிதம் 4 விழுக்காட்டுக்கு மேல் கூடியிருந்தது. 2000 முதல் 2005 வரை மட்டும் சுமார் 5 லட்சம் கூடுதல் மரணங்கள் என்பது அவர்கள் மதிப்பீடு. 2024இல் வெளியானது. மதிப்பீடுதான், ஒவ்வொரு பிணமாக எண்ணியது அல்ல. பாதியாகக் குறைத்துப் படித்தாலும் எனக்குத் தூக்கம் வரவில்லை.

மும்பை பார்சிகளின் துயரம் தனி. மலபார் ஹில்லில் உள்ள அமைதிக் கோபுரத்தில் உடலைப் பறவைகளுக்கு ஒப்படைப்பது அவர்கள் சடங்கு. பறவை இல்லாததால் சூரிய ஒளியைக் குவிக்கும் கண்ணாடிகளை வைத்துச் சமாளிக்க வேண்டியதாயிற்று.

இந்த இடத்தில் இரண்டு கோஷ்டிகள் வந்துவிடுவார்கள். ஒரு கோஷ்டி, "பார்த்தீர்களா, ஆங்கில மருந்து! நம் முன்னோர்கள் இயற்கையோடு வாழ்ந்தார்கள்" என்று ஆரம்பிக்கும். முன்னோர் காலத்தில் செத்த மாட்டை ஊருக்கு வெளியே இழுத்துப் போட்டது யார், யாரை அதைச் செய்யக் கட்டாயப்படுத்தினோம், அதற்குப் பிறகு அவர்களை எந்தத் தெருவில் நடக்கவிடவில்லை என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்கள். மாட்டுக்கு வலிக்கட்டும் என்று விட்டுவிடுவதும் எனக்குச் சம்மதமில்லை. இன்னொரு கோஷ்டி, "அறிவியல் கெடுத்ததை அறிவியலே சரிசெய்யும்" என்று தோளைக் குலுக்கிவிட்டுப் போகும். அதுவும் பொய். அறிவியல் தன் பங்கைச் சீக்கிரமே செய்துவிட்டது. 2006இலேயே, பாறுக்குத் தீங்கு செய்யாத மெலாக்சிகம் என்ற மாற்று மருந்தை ஆய்வாளர்கள் கையில் கொடுத்துவிட்டார்கள். இழுத்தடித்தது நாம்.

கணக்கைப் பாருங்கள். 2006இல் மாட்டுக்கான டைக்ளோஃபினாக்கை இந்தியா தடைசெய்தது. உடனே மனிதர்களுக்கான பெரிய குப்பிகள் மாட்டு ஊசிக்குப் போயின. நமக்கு ஒரு தடவைக்கு 3 மில்லிதான் வேண்டும். கடையில் கிடைத்ததோ 30 மில்லி குப்பி. அந்த ஓட்டையை அடைக்க 2015 ஆனது. அதையும் எதிர்த்து மருந்து நிறுவனங்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போயின. 2017இல் நீதிமன்றம் தடையை உறுதிசெய்தது. அதற்குள் அதே வகையைச் சேர்ந்த சகோதர வலிநிவாரணிகள் சந்தையில். கீட்டோப்ரொஃபென் பாறுகளைக் கொல்லும் என்று 2009 வாக்கிலேயே ஆய்வு வந்துவிட்டது. அசிகுளோஃபினாக் மாட்டின் உடம்புக்குள் போனதும் டைக்ளோஃபினாக்காகவே மாறுகிறது என்று 2016இல் காட்டினார்கள். இரண்டுக்கும் தடை 2023இல்தான். நிமிசுலைடுக்கு 2024 முடியப் போகும்போது. நம்மை மட்டும் சொல்வானேன்? ஐரோப்பாவின் பாறுகளில் பெரும்பகுதி வாழும் ஸ்பெயின், இந்தியாவில் நடந்தது எல்லாம் தெரிந்த பிறகும் 2013இல் இதே டைக்ளோஃபினாக்கை மாட்டுக்கு அனுமதித்தது. 2020இல் அங்கே ஒரு பாறுக் குஞ்சு அதனாலேயே செத்தது.

என் கருத்து இதுதான். ஒரு மருந்தைச் சோதிக்கும்போது, அதை உட்கொள்ளும் உயிருக்கு என்ன ஆகும் என்று பார்க்கிறோம். அந்தப் பாலை, இறைச்சியை உண்ணும் மனிதனுக்கு என்ன ஆகும் என்றும் பார்க்கிறோம். அந்த உயிரைத் தின்னும் வேறு உயிர்களுக்கு என்ன ஆகும் என்ற கேள்வி படிவத்திலேயே இல்லை. விவசாயியின் தவறு அல்ல, அவருக்கு எப்படித் தெரியும்? உரிமம் கொடுக்கும் மேசையில்தான் அந்தக் கேள்வி இருந்திருக்க வேண்டும். புலிக்கும் யானைக்கும் உருகுகிற நாம் பாறுக்காக உருக மாட்டோம். மொட்டைத் தலை, பிண நாற்றம். ஆகவே உருக்கத்தை நம்பிப் பயனில்லை, விதி வேண்டும். கால்நடைக்கான எந்த வலிநிவாரணியும் பாறுக்குப் பாதுகாப்பானது என்று நிரூபித்த பிறகே கடைக்கு வர வேண்டும். நிரூபிக்கும் பொறுப்பு விற்பவருடையது.

நம் ஊரில் நிலைமை முற்றிலும் மோசமில்லை. திருக்கழுக்குன்றத்து மலையில் உச்சிவேளையில் வந்து குருக்கள் கையால் பொங்கல் வாங்கித் தின்ற 'கழுகுகள்' மஞ்சள்முகப் பாறுகள்தான். 1990களின் கடைசியோடு வருவது நின்றது. அது மருந்தால்தானா என்று யாரும் பரிசோதிக்கவில்லை, நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நீலகிரிக்குக் கீழே மாயாறு பள்ளத்தாக்கிலும் முதுமலைப் பக்கத்திலும் வெண்முதுகுப் பாறும் கருங்கழுத்துப் பாறும் செந்தலைப் பாறும் இன்னும் இருக்கின்றன. காட்டு விலங்குகளின் உடல்கள் அங்கே கிடைப்பது ஒரு காரணம். அங்கே பயம் வேறு: மாட்டை அடித்த புலியைப் பழிவாங்க மிச்ச இறைச்சியில் விஷம் வைத்தால், முதலில் இறங்குவது பாறு. மாட்டை இழந்தவருக்கு இழப்பீடு இழுத்தடிக்காமல் கைக்குப் போனால் விஷப் புட்டியை எடுக்கும் கை குறையும். இதை எழுத வனவிலங்கு நிபுணராக இருக்க வேண்டியதில்லை.

மாடு வைத்திருப்பவர்கள் ஒன்று செய்யலாம். ஊசி போட வருபவரிடம் "மெலாக்சிகம் போடுங்கள்" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். டோல்ஃபெனமிக் அமிலமும் பாறுக்குப் பாதுகாப்பானதுதான். "எல்லாம் ஒன்றுதான்" என்று பதில் வந்தால், குப்பியை வாங்கி லேபிளைப் படித்துவிட்டுக் கொடுங்கள்.