முதலில் படங்களை எண்ணுங்கள்

தோல் அட்டையும் தையலும் உறுதியாக இருந்தால் பழைய பைபிள் சரித்திரப் படப் புத்தகத்தைத் தயங்காமல் வாங்கலாம் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. எனக்கு அதில் உடன்பாடில்லை. முதலில் படங்களை எண்ண வேண்டும். கண்ணாடிச் சட்டம் போட்டு விற்பதற்காகப் படத்தாள்களை மட்டும் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். குஸ்தாவ் டோரே படம் வரைந்து 1866இல் வந்த பிரெஞ்சு பைபிளில் இருநூறுக்கும் மேற்பட்ட படங்கள். நாலைந்து போயிருந்தால் புரட்டும்போது தெரியவே தெரியாது. கும்பகோணத்தில் நான் வாங்கிய ஓர் ஆங்கிலப் புத்தகத்தில் நோவாவின் பேழைப் படமே இல்லை. வீட்டுக்கு வந்து பட அட்டவணையோடு ஒப்பிட்ட பிறகுதான் தெரிந்தது. இன்றும் மனசு ஆறவில்லை.

அப்புறம், எங்கள் டெல்டா ஈரம். 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறிய தரங்கம்பாடி எங்களுக்குப் பக்கம்தான். கடல்காற்றும் அதே காற்றுதான். ஐப்பசி, கார்த்திகையில் படத்தாள்களில் பழுப்புப் புள்ளிகள் கிளம்பும், இராமபாணப் பூச்சி பசையைத் தின்னும். அதற்காக வெயிலில் மட்டும் காயவைக்காதீர்கள், தாள் மொறமொறவென்று உடையும். நிழலில், மின்விசிறிக் காற்றில் விரித்து வையுங்கள். படத்துக்கு மேலே இருக்கும் மெல்லிய தாளையும் கிழித்துப் போட்டுவிடாதீர்கள், மை எதிர்ப்பக்கத்தில் ஒட்டாமல் காப்பது அதுதான்.