3 கிலோமீட்டர் கணக்கு எங்க ஊருக்கு ஒத்து வராது
காப்புக்காட்டுல இருந்து 3 கிலோமீட்டர் தாண்டி வர்ற காட்டுப்பன்னிய வனத்துறை சுடலாம்னு 2025 ஜனவரில சட்டசபையில அறிவிச்சத எழுதியிருக்கீங்க, நல்ல விஷயம்தான், ஆனா எங்க விருதுநகர் பக்கம் பன்னி காட்டுல இருந்தா வருது? கண்மாய்க்குள்ள மண்டிக் கிடக்குற சீமக்கருவேல முள்ளுக்குள்ளயே குடியிருந்து குட்டி போட்டு பெருகுதுங்க. பகல்ல ஒண்ணுகூட கண்ணுல படாது, ராத்திரி கூட்டமா இறங்கும். மக்காச்சோளம் பால் பிடிக்கிற நேரம் ஒரு கதிரத் திங்க தட்டையையே சாய்ச்சுப்புடும், பாதிக் கதிர் கடிபடாமயே மண்ணுல கெடந்து அழுகும், கடலைக்காடுன்னா மூஞ்சியால கிண்டி ஏர் உழுத மாதிரி ஆக்கிடும். சுத்தி பழைய சேலை கட்டிப் பாத்தாச்சு, நாலு நாள் பயப்படும் அப்புறம் சேலைக்கு அடியிலயே நுழைஞ்சு வந்துரும். ராத்திரி நிக்கிற பன்னிக்கு வனத்துறைக்கு மனு எழுதிக் குடுத்து அவங்க ஆள் எப்ப வந்து சேர்றது? கேரளாவுல 2022ல இருந்தே பஞ்சாயத்து தலைவர் உத்தரவு போட்டு லைசன்ஸ் துப்பாக்கி வச்சிருக்கவங்கள வச்சு சுடலாம்னு இருக்கு, அத இங்கயும் கொண்டு வாங்க. அதுவரைக்கும் தயவுசெஞ்சு யாரும் கள்ளத்தனமா கரண்ட் வேலி போடாதீங்க, தீனிக்குள்ள வெடிய மறைச்சு வைக்கிற அவுட்டுக்காய் வைக்காதீங்க, யானையும் மாடும் மனுசனும்ல சாகுறாங்க. மொதல்ல கண்மாய் முள்ள வெட்டச் சொல்லுங்க சார்.