கௌர் அரண்மனை வாசலுக்கு விசா தேவையில்லை

"கௌர் இப்போது வங்கதேசத்தில் இருக்கிறது, கோட்டை வாசலைப் பார்க்க விசா வேண்டும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது பாதி உண்மைகூட இல்லை. இந்திய-வங்கதேச எல்லைக்கோடு வங்காளத்தின் பழைய தலைநகரான கௌரைக் குறுக்கே வெட்டிச் செல்கிறது என்பது சரிதான். ஆனால் அரண்மனை வளாகம், அதன் வடக்கு நுழைவாயிலான தாகில் தர்வாஸா, ஃபிரோஸ் மினார் என்ற கோபுரம் எல்லாம் மேற்கு வங்கத்தின் மால்டா மாவட்டத்தில் இருக்கின்றன.

குழப்பம் எங்கே வந்தது என்று ஊகிக்க முடிகிறது. சோட்டா சோனா மசூதி வங்கதேசத்தில். பெயரில் அதற்கு அண்ணனான பரா சோனா மசூதி இந்தியாவில். அந்தப் பக்கத்துப் படத்தைப் பார்த்துவிட்டு ஊர் முழுவதையும் அங்கே தூக்கி வைத்துவிட்டார்கள் போலும்.

கோட்டை வாசலை "முகலாயர் கட்டிய கல்வாசல்" என்று அவர் சொல்வதும் தவறு. தாகில் தர்வாஸா வங்காள சுல்தான்கள் காலத்துச் செங்கல் வேலை. சின்னச் சின்னச் செங்கற்கள், சுவரில் சுடுமண் அலங்காரம், நான்கு மூலைகளிலும் கோபுரங்கள். வளைவுக்குள் நுழைந்தால் நீண்ட வழி, இருபுறமும் காவலர் அறைகள். கிட்டே போனால் செங்கல்லில் செதுக்கிய பூவேலை இன்னும் தெரியும். முகலாயப் பாணி வாசல் வேண்டுமானால் அதே வளாகத்தின் கிழக்கே லுகோசுரி தர்வாஸா இருக்கிறது; முகலாய இளவரசர் ஷா ஷுஜா 1655-இல் கட்டியதாகச் சொல்வார்கள். 1575-இல் கொள்ளைநோய் வந்து ஊர் காலியான பிறகு எழுந்த வாசல் அது!

மால்டா நகரிலிருந்து சுமார் 12 கி.மீ. தான். பாஸ்போர்ட்டை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகலாம்.